வரம் வேண்டாம் என்ற கந்தசாமிப் பிள்ளை

கடவுள் சென்னைக்கு வந்ததும் முதலில் கேட்டது திருவல்லிக்கேணிக்கு வழி. பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுகிற முனையில், டிராமில் போனால் எவ்வளவு ஆகும், நடந்தால் எவ்வளவு மிச்சம், அந்த மிச்சம் வெற்றிலைக்குக் காணுமா என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டு நின்ற ஒருவரிடம்தான் கேட்டார். மேலகரத்துக் கந்தசாமிப் பிள்ளை அவர். சித்த வைத்தியத்துக்கென்று ஒரு பத்திரிகை நடத்துகிறார். சந்தாதாரர்களை நம்பித்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கிறது. வழி கேட்டவரும் சொன்னவருமாகச் சேர்ந்து ஓட்டலுக்குள் போய், சிக்கரி கலந்த காப்பியைக் குடிக்கிறார்கள். வந்தவர் தாம் யார் என்பதைச் சொல்லிவிட்ட பிறகும் பிள்ளை எழுந்து நிற்கவில்லை, காலில் விழவில்லை. பேச்சு பத்திரிகைச் சந்தாவுக்குப் போகிறது.

புதுமைப்பித்தன் 1943-ல் கலைமகளில் எழுதிய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையைத்தான் சொல்கிறேன். அந்தச் சென்னை இன்று இல்லை. 1953-ல் டிராம் வண்டிகளும் நின்றுபோயின. ஆனாலும் பெரிய இடத்து மனிதர்களிடம் எப்படிப் பழக வேண்டும் என்று யாராவது என்னிடம் கேட்டால், நான் எடுத்துக் கொடுப்பது இந்தக் கதையைத்தான். பேரப் பிள்ளைகளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்குப் புத்தகமாகவே வாங்கிக் கொடுக்கிறேன். சிரித்துக்கொண்டே படிக்கலாம். படித்து முடித்ததும் முதுகெலும்பு கொஞ்சம் நிமிர்ந்திருப்பது தெரியும்.

புதுமைப்பித்தன் கதைகளின் முழுத் தொகுப்பில் கடவுள், யமன், வேதாளம், பேய் என்று மேலுலகத்தாரும் கீழுலகத்தாரும் நம்மைப் போன்றவர்களிடம் வந்து மாட்டிக்கொள்கிற கதைகள் சில உண்டு. அவற்றில் ‘காஞ்சனை’ போல முதுகுத் தண்டு சில்லிடுகிற கதைகளை ஒதுக்கிவிட்டு, மனம் லேசாகிற கதைகளை மட்டும் பிரித்தெடுத்தால் கையடக்கமான ஒரு புத்தகம் ஆகும். என் மனத்துக்குள் அந்தப் புத்தகத்தை எப்போதோ தைத்து வைத்துவிட்டேன். அதன் முதல் கதை கந்தசாமிப் பிள்ளை.

அந்தக் கதையில் நான் அதிகம் நின்று யோசிக்கிற இடம் வரம் பற்றிய பேச்சு. பூலோகத்தில் கொஞ்ச நாள் தங்கிப் பார்க்க வேண்டும் என்பது கடவுளின் ஆசை. பிள்ளை சரி என்கிறார், நிபந்தனையோடு. இங்கே இருக்கிற வரைக்கும் மனிதனைப் போல நடந்துகொள்ள வேண்டும், தமக்கு வரம் எதுவும் கொடுக்கக் கூடாது. வரம் வாங்கினவன் கதை எப்படி முடியும் என்று அவருக்குத் தெரியும். ஒரு தெய்வம் கொடுத்துவிட்டுப் போகும், இன்னொன்று வந்து தலையைக் கேட்கும். புராணம் கேட்டு வளர்ந்த நமக்கும் அது தெரிந்த சங்கதிதான். யார் தலையில் கை வைத்தாலும் அவன் சாம்பலாக வேண்டும் என்று வாங்கின அசுரன் கடைசியில் தன் தலையிலேயே கை வைத்துக்கொண்டான். தொட்டதெல்லாம் பொன்னாக வேண்டும் என்று கேட்ட அரசன் சோற்றில் கை வைக்க முடியாமல் தவித்தான்.

நாற்பது வருஷத்துக்கு மேல் வருவாய்த் துறையில் இருந்தவன் நான். வரம் கேட்டு நிற்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சட்டப்படி தங்களுக்குச் சேர வேண்டிய ஒன்றையே தயவாகக் கேட்பார்கள். வாரிசுச் சான்றிதழ் ஒருவருடைய உரிமை. அதை வாங்க வருகிறவர் செருப்பை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஐயா பார்த்துச் செய்யணும் என்று குனிவார். குனிந்தவருக்கு வேலை சீக்கிரம் முடியும் என்று ஊர் நம்பியது. நான் பார்த்த அளவில் அது உண்மை இல்லை. குனிந்தவரை இன்னொரு நாள் வரச் சொல்வது எளிது. தேதி போட்ட மனுவோடு நிமிர்ந்து நின்று, எந்த நாளில் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று கேட்டவரை அலைக்கழிப்பது கஷ்டம். தயவாக வாங்கின எதற்கும் பின்னால் ஒரு கடன் இருக்கும். கொடுத்தவர் அதை மறக்க மாட்டார், வாங்கினவரையும் மறக்க விடமாட்டார். பிள்ளை பயந்தது அந்தக் கடனுக்குத்தான் என்று நினைக்கிறேன்.

வரம் வேண்டாம் என்ற அதே மனிதர் சந்தா மட்டும் கேட்கிறார் பாருங்கள், அதுதான் கதையின் உயிர். ஜீவிய சந்தா ரூபாய் 25. யாருடைய ஜீவியம் வரைக்கும் என்று ஒரு பேச்சு வருகிறது. கடவுளுக்கு ஆயுள் முடிவதில்லை, பிள்ளைக்கு அந்த உத்தரவாதம் இல்லை. பத்திரிகையின் ஆயுள் வரைக்கும் என்று பிள்ளை தெளிவுபடுத்துகிறார். என்ன நேர்மையான வியாபாரம்! வரத்துக்கு மனிதன் பதிலுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை. சந்தாவுக்கு உண்டு. பணம் வாங்கினால் இதழ் அனுப்பியாக வேண்டும். கொடுக்கல் வாங்கல் நேரானதும் இருவரும் ஒரே தரையில் நிற்கிறார்கள். அப்புறம் பிள்ளை அவரைக் கூசாமல் வீட்டுக்கு அழைத்துப்போகிறார். மனைவியிடம் கைலாசபுரத்துப் பெரியப்பா என்று உறவுமுறை சொல்லி அறிமுகம் செய்கிறார். குழந்தை வள்ளி தாத்தா என்று ஒட்டிக்கொள்கிறாள். வந்தவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் விளையாட்டில் விட்டுக்கொடுத்திருக்க மாட்டாள்.

பிள்ளையை நாத்திகர் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேலகரம் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் பக்கத்தில் இருக்கிற ஊர், குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். புதுமைப்பித்தன் என்கிற சொ. விருத்தாசலம் 1906-ல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தாலும் அவருடைய பேச்சும் பார்வையும் திருநெல்வேலிச் சீமையில் ஊறியவை. அந்தச் சீமையில் சாமியோடு பழகுகிற விதமே இதுதான். சுடலைமாடன் கொடைக்கு ஒரு தடவை வந்து பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வில்லுப்பாட்டில் மாடன் பிறந்த கதை முடிந்து, அவன் கோட்டைக்குள் புகுந்த கட்டம் நடக்கும்போது நள்ளிரவாகியிருக்கும். சாமியாடுகிறவர் சல்லடமும் குல்லாயும் கட்டி, வல்லயத்தைத் தரையில் ஊன்றி வருவார். சலங்கைச் சத்தம் வரும்போதே கூட்டம் விலகி வழிவிடும். சின்னப் பிள்ளைகள் அம்மாவின் சேலைக்குள் முகத்தை ஒளித்துக்கொள்ளும். அந்த இடத்தில் ஒரு கிழவி எழுந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். இடுப்பில் சுருக்குப் பை, கையில் கொட்டப் பாக்கு. “மாடா, போன கொடைக்கும் இதத்தான சொன்ன. பேத்திக்கு வரன் வந்துச்சா? வரல. நான் கெடா நேந்தது நேந்ததுதான். ஆனா நீ செய்யறதச் செஞ்சாத்தான் கெடா.” சாமி உறுமியது. திருநீறு அள்ளி அவள் நெற்றியில் பூசி, வருகிற தைக்குள் என்று வாக்குக் கொடுத்தது. “தைன்னா தைதான். மாசி ஆச்சுன்னா நான் வந்து கேப்பேன்” என்று அவள் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் யாரும் இதை அபசாரமாக நினைக்கவில்லை. அவளுடைய பக்தியில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அந்தக் கோயிலுக்குத் தண்ணீர் தெளித்துக் கூட்டுகிறவள் அவள். மாடன் அவளுக்கு வீட்டு ஆள். வீட்டு ஆளிடம் கணக்குக் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பாள்?

கந்தசாமிப் பிள்ளையின் காப்பி மேசைப் பேச்சும் இந்தக் கிழவியின் பேச்சும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவை.

என் மனப் புத்தகத்தின் இரண்டாம் கதையிலும் ஒரு கிழவிதான் வருகிறாள். ‘காலனும் கிழவியும்.’ அவளைக் கொண்டுபோக யமனே எருமை மேல் ஏறி வருகிறான். அவனைக் கண்டு அவள் பதறவில்லை, கூப்பாடு போடவில்லை. நாலு வார்த்தை பேசுகிறாள். உயிரைத்தானே உன்னால் எடுத்துப்போக முடியும், இருந்த ஒன்றை அடியோடு இல்லாமல் ஆக்க உன்னால் முடியுமா என்கிற மாதிரி ஒரு கேள்வி போடுகிறாள். ஒன்றை இன்னொன்றாக மாற்றலாம், அழித்துவிட முடியாது என்பது அவள் வாதம். எந்தச் சாஸ்திரமும் படிக்காதவள். அத்தனை காலம் பாசக்கயிறு வீசி வந்தவன் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் தோற்றுப் போகிறான். இந்தக் கதையை எழுதியவர் காசநோயில் இளைத்து, 1948 ஜூன் 30-ஆம் தேதி திருவனந்தபுரத்தில் கண்ணை மூடினார். அப்போது வயது 42. கிழவி கேட்ட கேள்வியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வயதும் நினைவுக்கு வருகிறது. யமன் எடுத்துப்போனது எவ்வளவு, எடுக்க முடியாமல் விட்டுப்போனது எவ்வளவு என்று அவருடைய கதைகளைக் கையில் வைத்திருக்கிறவர்கள் சொல்லலாம்.

மூன்றாவதாக ஒரு கதையை மலையாளத்திலிருந்து சேர்த்துக்கொள்வேன். வைக்கம் முகம்மது பஷீரின் ‘நீல வெளிச்சம்.’ 1964-ல் ‘பார்கவி நிலையம்’ என்று படமாகவும் வந்தது. திரைக்கதையும் பஷீர் எழுதியதுதான். ஓர் இளம் எழுத்தாளர் குறைந்த வாடகைக்கு ஒரு வீடு பிடிக்கிறார். அந்த வீட்டுக் கிணற்றில் விழுந்து இறந்த பார்கவி என்ற பெண் அங்கேயே பேயாக இருக்கிறாள் என்று பிறகுதான் தெரிகிறது. வாடகை கொடுத்தாகிவிட்டது, வேறு இடம் தேட வசதியில்லை. ஆகவே அவளோடு பேச ஆரம்பிக்கிறார். தான் யார், என்ன எழுதுகிறேன் என்று சொல்கிறார். இந்த வீட்டில் நானும் இருந்துகொள்கிறேன் என்று மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறார். கிராமபோனில் பாட்டு வைக்கிறார், அவளும் கேட்கட்டும் என்று. ஊரெல்லாம் பயந்த பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஒருநாள் ராத்திரி எழுதிக்கொண்டிருக்கும்போது விளக்கில் எண்ணெய் தீர்ந்துவிடுகிறது. வெளியே போய் மண்ணெண்ணெய் வாங்கித் திரும்பினால் அறை முழுக்க நீல வெளிச்சம், விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது.

பயத்தை விரட்ட மந்திரவாதியை அழைக்கிறவர்கள் உண்டு. வேப்பிலை அடித்து, உச்சி மயிரைப் புளியமரத்தில் ஆணி வைத்து அறைகிறவர்கள் உண்டு. பஷீரின் ஆள் ஒன்றும் செய்யவில்லை. அக்கம்பக்கத்தாரிடம் எப்படி நடந்துகொள்வாரோ அப்படி நடந்துகொண்டார். செத்துப்போன ஒரு பெண்ணுக்கும் பாட்டுக் கேட்கிற ஆசை இருக்கும் என்று நினைக்கிற மனம் எவ்வளவு அரிது! நம்மை மிரட்டுகிறவர்களிலும் பாதிப் பேர், யாராவது பெயர் சொல்லிப் பேச மாட்டார்களா என்று காத்திருக்கிறவர்கள்தான். இது நான் வேலை பார்த்த இடங்களில் எல்லாம் கண்டது.

கிராம முகாமுக்கு ஒரு கலெக்டர் வந்திருந்தார். பெயர் வேண்டாம். சுள்ளென்று பேசுகிறவர் என்று பெயரெடுத்தவர். சித்திரை வெயில். சமுதாயக் கூடத்துக்கு முன்னால் தாசில்தார், ஆர்.ஐ., கிராம நிர்வாக அலுவலர், தலையாரி எல்லாரும் வரிசையாகக் கை கட்டி நிற்கிறோம். ஓடையை அளந்த வரைபடத்தை அவர் நின்றபடியே பார்க்கிறார், நெற்றியில் வேர்வை. எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து பருத்தி பிரித்துக்கொண்டிருந்த ஓர் ஆச்சி தலையைத் தூக்கினாள். “ஏன்யா ராசா, வெயில்லயே நிக்கியே? வந்து இப்படி நிழல்ல இரு. ஒரு செம்பு மோரு தாரேன்.” எங்களுக்கெல்லாம் மூச்சு நின்றுவிட்டது. அவர் திரும்பிப் பார்த்தார். நேரே போய்த் திண்ணையில் உட்கார்ந்தார். மோர் வந்தது, பெருங்காயமும் கறிவேப்பிலையும் கசக்கிப் போட்டது. இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிக் குடித்தார். குடித்து முடிக்கும் வரை அவள் தன் விஷயத்தைப் பேசவில்லை. ஊர் எது, அம்மா இருக்காளா, பிள்ளைகள் எத்தனை என்று அவரைத்தான் விசாரித்தாள். செம்பைத் திருப்பி வாங்கிக்கொண்ட பிறகு, மகன் இறந்து இத்தனை காலமாகியும் பட்டாவில் பேர் மாறவில்லை என்று சொன்னாள். கெஞ்சவில்லை, குற்றம் சாட்டவும் இல்லை. பருத்தி விலை சொல்கிற குரலில் சொன்னாள். அன்று சாயங்காலமே அந்தக் கோப்பு நகர்ந்தது. மோருக்காகச் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. அன்று பூராவும் அவரை அதிகாரியாகப் பார்த்தவர்கள் நூறு பேர், களைத்துப்போன பிள்ளையாகப் பார்த்தவள் அவள் ஒருத்தி.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. பெரியவர் முன்னால் சாதாரணமாக இருப்பதும், பெரியவரை மதிக்காமல் இருப்பதும் ஒன்றாகிவிடாது. இளைஞர்கள் சிலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். எவனாயிருந்தால் எனக்கென்ன என்று பேசுவதைத் தைரியம் என்று நினைக்கிறார்கள். புதுமைப்பித்தன் அதற்கும் ஓர் ஆளைக் கதைக்குள்ளேயே வைத்திருக்கிறார். திவான் பகதூர் பிருகதீசுவர சாஸ்திரி. பூலோகத்தில் தங்க வேண்டும் என்றால் பிழைக்க ஒரு தொழில் வேண்டும் அல்லவா? பிள்ளை அதையும் கேட்கிறார். கடவுளுக்குத் தெரிந்த தொழில் கூத்து. தேவியும் உடன் ஆட, கலைப் புரவலர் என்று பேரெடுத்த திவான் பகதூர் முன்னால் ஆடிக் காட்டுகிறார்கள். ஆடல்வல்லானே ஆடுகிறான், சாஸ்திரிக்குப் பிடிக்கவில்லை. கலை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவர் மனத்தில் ஓர் அளவுகோல், அதற்குள் இந்த ஆட்டம் அடங்கவில்லை. துரத்தாத குறையாக அனுப்பிவைக்கிறார்.

அவரும் கடவுளைக் கண்டு மலைக்காதவர்தான். பிள்ளையும் மலைக்கவில்லை. ஆனால் இருவருக்கும் எவ்வளவு தூரம்! பிள்ளை எதிரில் இருக்கிறவரைப் பார்த்தார். பசிக்குமே, தங்க இடம் வேண்டுமே, நாளைக்குப் பிழைப்பு வேண்டுமே என்று யோசித்தார். தன்னுடைய ஒண்டுக் குடித்தனத்தில் இடம் ஒதுக்கினார், பெற்ற குழந்தையை மடியில் விட்டார். திவான் பகதூர் தன் அளவுகோலை மட்டுமே பார்த்தார். காலில் விழுகிறவனுக்கும் எதிரில் இருக்கிற ஆள் தெரிவதில்லை, அவனுக்குத் தெரிவது பாதம். அலட்சியப்படுத்துகிறவனுக்கும் ஆள் தெரிவதில்லை. ஒரு முகத்தைப் பார்த்து வாங்க, உட்காருங்க, சாப்பிட்டீங்களா என்று கேட்கிறவனுக்குத்தான் தெரிகிறது. இந்த மூன்று வார்த்தைக்கு மேல் பெரிய மரியாதை நம் ஊரில் கிடையாது. மந்திரிக்கும் இதுதான், மாடு மேய்க்கிறவருக்கும் இதுதான்.

என் பேத்தி பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறாள். மேலதிகாரி என்று பெயர் சொன்னாலே ராத்திரி தூக்கம் போய்விடுகிறது அவளுக்கு. அவர் அனுப்புகிற ஒற்றை வரிச் செய்திக்கு ஆயிரம் அர்த்தம் தேடுவாள். போன தீபாவளிக்கு வந்திருந்தபோது கந்தசாமிப் பிள்ளையை அவளுக்குப் படித்துக் காட்டினேன். இது 1943, தாத்தா, இப்போ உலகம் வேற என்றாள். உலகம் வேறுதான், அதை மறுக்க மாட்டேன். சம்பளம் கொடுக்கிறவரிடம் வாயைத் திறப்பது கடவுளிடம் சந்தா கேட்பதைவிடக் கஷ்டமாகக்கூட இருக்கலாம். அவளிடம் ஒன்றுதான் சொன்னேன். நீ செய்கிற வேலைக்கு அவர் சம்பளம் கொடுக்கிறார், அது சந்தா. அதை வரமாக நினைக்கிற நாளில்தான் தூக்கம் கெடும். அவள் உடனே ஒத்துக்கொண்டுவிடவில்லை. ஊருக்குத் திரும்புகிறபோது புத்தகத்தை மட்டும் பையில் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

கடவுளால் கடைசியில் இங்கே தங்க முடியவில்லை. தள்ளி நின்று வரம் கொடுக்கலாம், கூட இருந்து வாழ முடியாது என்று அவருக்குப் புரிந்துவிடுகிறது. சொல்லிக்கொள்ளாமல் மறைந்துவிடுகிறார். பிள்ளை அழவில்லை, கோயில் கட்டவும் புறப்படவில்லை. கைலாசபுரத்துப் பரமசிவம் பிள்ளை பெயரில் ரூபாய் 25 வரவு என்று கணக்கில் எழுதுகிறார்.

இதைப் படித்துக் காட்டியபோது சின்னப் பேரன், அப்படியென்றால் பத்திரிகையைக் கைலாசத்துக்கு எப்படி அனுப்புவார் என்று கேட்டான். தபால்காரர் அங்கே போவாரா, அஞ்சல் தலை எத்தனை ஒட்ட வேண்டும் என்று அக்காவும் தம்பியும் ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். அவன் சார்பில்தான் நான் பேசினேன். பணம் வாங்கினவர் இதழ் அனுப்பியே ஆக வேண்டும். வழி கண்டுபிடிப்பது பிள்ளையின் பொறுப்பு, அவர் கண்டுபிடித்திருப்பார்.